வீட்டு மருந்துப் பெட்டியைப் பிரித்து அடுக்குதல்

வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இப்போது என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள்?” விடையாகப் பலர் ஒரு துணிக்கடைப் பையை மேசைமேல் கவிழ்ப்பர். பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், மூடி பிசுபிசுத்த இருமல் மருந்து, எப்போதோ திறந்த கண் சொட்டு மருந்து, வீட்டில் வேறொருவருக்கு எழுதித் தந்த வலி மாத்திரை, கடை ரசீதுகள் என எல்லாம் அதிலிருந்து வெளிவரும். பையோடு வருபவர்களைக் கண்டு நாங்கள் சலித்துக்கொள்வதில்லை. ஒன்றும் கொண்டுவராமல், “வெள்ளை மாத்திரை ஒன்று, சிவப்பு ஒன்று” என்று கூறுபவர்களைவிட இவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது எளிது.

வீட்டில் பொருள்கள் சேர்ந்துவிடுவது இயல்பே. பழைய செய்தித்தாள்கள் குவிந்தால் இடம் குறையும். மருந்துகள் குவிந்தால் ஆபத்து கூடும். எனவே, நோயாளி உள்ள இல்லத்தை ஒழுங்குபடுத்த விரும்பும் குடும்பத்தினர், அலமாரியையும் பரணையும் பிறகு பார்த்துக்கொண்டு, மருந்துப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். ஓய்வான ஒரு பிற்பகல் போதும்.

முதலில், வீட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மருந்துகளைத் திரட்டி ஒரு துணிமேல் பரப்புக. கைப்பை, தலையணைக்கு அடியில், பூஜை அலமாரி, குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறம் ஆகியவற்றையும் தேடுக. அருகில் கடைசியாகத் தரப்பட்ட மருந்துச் சீட்டை வைத்துக்கொள்க. சீட்டில் உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை மறு பக்கம் என்று பிரித்தால் வேலையின் பாதி முடிந்தது.

பிரிக்கும்போது வணிகப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. அட்டையில் வணிகப் பெயருடன் அச்சிடப்பட்டுள்ள மூலப்பெயரே நமக்கு வேண்டியது. சென்ற மாதம் ஒரு கடையில் வாங்கிய கிளிமிபிரைடு மாத்திரையும், இந்த மாதம் வேறு கடையில் வேறு பெயரில் வாங்கிய கிளிமிபிரைடும் பெட்டியில் அருகருகே இருக்கும்போது, இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என எண்ணி முதியவர் இரண்டையும் விழுங்கிவிடுவது உண்டு. இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்த்து, மயங்கிய நிலையில் அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருவர். இரத்த அழுத்த மாத்திரை இரட்டிப்பானால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரிடும். இடுப்பெலும்பு முறிவுடன் வந்து சேர்பவர்கள் சிலரிடம் இப்படியொரு காரணம் மறைந்திருக்கிறது. ஒரே மூலப்பெயர் கொண்ட அட்டைகளை ரப்பர் வளையமிட்டு ஒன்றாகக் கட்டி வைத்தால் இத்தவறு பெரும்பாலும் நேராது.

அதேபோல், பாராசிட்டமால் காய்ச்சல் மாத்திரையில் மட்டும் இருப்பதில்லை. சளி மாத்திரைகளிலும் கூட்டு வலி மாத்திரைகளிலும் கலந்திருக்கும். மூன்றையும் ஒரே நாளில் எடுப்பவர், தாம் அறியாமலேயே கல்லீரலைத் தாக்கும் அளவை நெருங்கலாம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் மீதமிருந்தால், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு அல்லது வயிற்றுப்புண் உள்ளவர்களும் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களும் இருக்கும் வீட்டில் அவற்றைச் சேமித்து வைக்கவே வேண்டாம். “எப்போதாவது பயன்படும்” என்று நாம் எடுத்து வைப்பவற்றுள் மிகுதியான தீங்கு செய்வது இவ்வகைதான் என்பது எங்கள் அனுபவம்.

மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். முடக்குவாதத்துக்கு இது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. அன்றாட மாத்திரைகளோடு கலந்து, நாள்தோறும் எடுக்கப்பட்டால் வாய்ப்புண்ணும் இரத்த அணுக் குறைவும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். இதைத் தனி டப்பாவில் வைத்து, மேலே உட்கொள்ளும் கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுக.

காலாவதித் தேதியில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அம்மாதத்தின் இறுதி நாள் வரை என்று பொருள். ஆனால் திறந்த மருந்துக்கு இக்கணக்கு பொருந்தாது. பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளைத் திறந்து நான்கு வாரங்களில் அகற்றிவிட வேண்டும். குழந்தைகளுக்கு நீர் கலந்து தரும் ஆன்டிபயாட்டிக் மருந்து பொதுவாக ஒன்றிரண்டு வாரங்களே தாங்கும். குறிப்பிட்ட நாள் எத்தனை என்பது புட்டியின் மேல் இருக்கும். திறந்த அன்றே தேதியைப் பேனாவால் எழுதிவிடுவது நல்லது.

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. கத்தரித்தால் பெயரும் தேதியும் ஒரு துண்டோடு போய்விடும். மீதி அனாதையாகப் பெட்டியில் கிடக்கும். அதைவிடக் கவலைக்குரியது ஒன்று உண்டு. ஒற்றை மாத்திரையாக வெட்டிக் கொடுத்தால், பார்வை மங்கிய முதியவர்கள் உறையோடு அதை விழுங்கிவிடுகின்றனர். கூரிய ஓரம் உணவுக்குழாயைக் கிழித்துவிடும். அட்டையை முழுதாக வைத்து, வேண்டியபோது மாத்திரையை மட்டும் பிதுக்கி எடுத்துத் தருக.

ஏழு நாள்களுக்கும் அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டி பல குடும்பங்களுக்கு உதவுகிறது. வாரம் ஒருமுறை ஒருவர் நிரப்ப, மற்றொருவர் சீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும். எல்லா மருந்தும் இதற்கு ஏற்றதன்று. வலிப்பு நோய்க்கான சோடியம் வால்ப்ரோவேட், இரத்த உறைவைத் தடுக்கும் டாபிகாட்ரான் ஆகியவை ஈரப்பதத்தால் கெடும். உட்கொள்ளும் வரை அவை தம் உறையிலேயே இருக்க வேண்டும். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை எந்தப் பெட்டிக்குள்ளும் பூட்டாமல், வீட்டார் அனைவரும் அறிந்த ஓரிடத்தில் வைக்கவும்.

எங்கே வைப்பது? அடுப்புக்கு மேல் வெப்பம், குளியலறையில் ஈரம். நம் வீடுகளில் மிகவும் விரும்பப்படும் இடமான குளிர்சாதனப் பெட்டியின் தலைப்பகுதியும் சூடேறும் இடமே. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு தகும். பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீடாயின் அதற்குப் பூட்டும் வேண்டும். சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று ஒரு சிறு குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும். குழந்தை ஏதேனும் விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல், அட்டையோடு உடனே மருத்துவமனைக்கு வருக. 108-ஐ அழைக்கவும் தயங்க வேண்டாம்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். உறைநிலைப் பகுதியில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பயனற்றது. பயன்பாட்டில் உள்ள புட்டியை 30 டிகிரிக்குக் கீழ் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைக்கலாம். கோடையில் நம் அறைகள் அந்த அளவைத் தாண்டிவிடுவதால், குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் மண்பானை முறையைக் கையாளலாம்: பெரிய பானைக்குள் சிறிய பானை, இடையில் ஈர மணல், உள்ளே நீர் புகாத உறையில் இன்சுலின். மணலைக் காயவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

மருந்துகளுக்கு அடுத்து, கோப்பு. கடைசியாகத் தரப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரி மேலே இருக்க, மற்றவை தேதி வரிசையில் கீழே செல்லட்டும். முதல் பக்கமாக ஒரு தாளில் நோய்கள், செய்த அறுவைகள், ஒவ்வாத மருந்துகள், இப்போதைய மருந்துப் பட்டியல் ஆகியவற்றை எழுதி வைத்தால், நள்ளிரவில் வரும் நோயாளிக்கு அந்த ஒரு தாளே பேருதவி. ஈசிஜி தாள் வெப்பத்தால் அச்சாவது. பிளாஸ்டிக் உறைக்குள் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். அதை நகலெடுத்து நகலை வைக்கவும். காப்பீட்டுக்கான ரசீதுகள் வேறு கோப்பில் போகட்டும்.

கட்டிலிலிருந்து கழிவறை வரையுள்ள வழியில் மின்கம்பி, சுருளும் மிதியடி, செருப்புக் குவியல் இல்லாமல் பார்த்துக்கொள்க; இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

இறுதியாக, வேண்டாதவை என ஒதுக்கிய மருந்துகள். காலாவதியான மருந்துகளையும் பயன்படுத்திய ஊசிகளையும் வீட்டு அபாயக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தியிருந்தன. ஆகவே அவற்றைத் தனியே கட்டித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாத்திரைகளை உறையிலிருந்து எடுத்து, பயன்படுத்திய தேயிலைத் தூளோடு கலந்து மூடிக் கட்டினால், குப்பையைக் கிளறும் விலங்கோ குழந்தையோ உண்ணாது. இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, மேலே ‘ஊசி’ என்று எழுதுக. எதை ஒதுக்குவது என்று ஐயமுள்ள அட்டைகளை மட்டும் ஒரு பையில் இட்டு, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உடன் எடுத்து வருக. உட்கார்ந்து சேர்ந்தே பிரித்துவிடலாம்.