வரலாற்று கேம்களில் உங்களுக்கு எந்த இசை பிடிக்கும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் டைப்பிங், இன்டர்நெட், பரீட்சை ரிசல்ட் எல்லாம் பார்த்து முடித்த பிறகு அடுத்து வருவது கேம்ஸ்தான். அதிலும் ராஜா, படை, கோட்டை என்று வரும் வரலாற்று ஸ்ட்ராடஜி கேம்களுக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. இவை பத்து நிமிடத்தில் முடிபவை அல்ல. ஏஜ் ஆப் எம்பயர்ஸில் ஓர் ஆட்டம் ஒரு மணி நேரம் போகலாம். சிவிலைசேஷன் கேமில் ஓர் ஆட்டமே பல நாட்கள் நீளும். அத்தனை நேரமும் பின்னணியில் இசை ஓடிக்கொண்டே இருக்கும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து.

எங்கள் திருப்பூரில் இந்தப் பிரச்சினை கொஞ்சம் கூடுதல். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவார். அதே ஹாலில்தான் கம்ப்யூட்டரும் இருக்கும். பவர் டேபிள் யூனிட் நடத்தும் என் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் கேம் ஆட உட்காருவார். உட்கார்ந்ததும் ஸ்பீக்கரை ஆப் செய்துவிடுவார். "மாப்ளே, வாரம் பூரா மெஷின் சத்தம்தான் காதுல. இங்கயும் டமடமன்னு அடிக்கோணுமா?" என்பார். என் சித்தப்பா மகனோ நேர் எதிர். "பாட்டு இல்லாட்டி சண்டைக்குப் போற மாதிரியே இல்லீங்ண்ணா" என்பான். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இருவரையும் திருப்திப்படுத்த வழியும் உண்டு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சத்தம் வேறு, இசை வேறு

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கேமில் கேட்கும் ஒலி இரண்டு வகைப்படும். ஒன்று சவுண்ட் எபெக்ட். வாள் மோதுவது, மரம் வெட்டுவது, எதிரி தாக்கும்போது எழும் எச்சரிக்கை ஒலி ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று மியூசிக்.

சவுண்ட் எபெக்ட் உங்களுக்குத் தகவல் சொல்கிறது. 1997-இல் வெளிவந்த முதல் ஏஜ் ஆப் எம்பயர்ஸில் எதிரியின் பூசாரி "வோலோலோ" என்று முனகினால், உங்கள் வீரன் ஒருவனை அவர் தன் பக்கம் இழுக்கிறார் என்று பொருள். திரையின் வேறொரு மூலையில் வேலையாக இருந்தாலும் காது அதைப் பிடித்துவிடும். ஸ்பீக்கரை மொத்தமாக ஆப் செய்தால் இந்தத் தகவலும் போய்விடும். மாமா மாதிரி ஆடுபவர்கள் பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மியூசிக் தகவல் தருவதில்லை, மனநிலையைத் தருகிறது. ஆகவே ரசனை வேறுபாடு வருவது இங்கேதான்.

மூன்று வகை ரசிகர்கள்

முதல் வகையினருக்குப் பிரமாண்டம் வேண்டும். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, கோரஸ் என்று சினிமா போல இருக்க வேண்டும். 2005-இல் வந்த சிவிலைசேஷன் 4 கேமின் தொடக்கப் பாடலான "பாபா யேட்டு" இதற்கு நல்ல உதாரணம். கிறிஸ்தவ ஜெபம் ஒன்றின் சுவாஹிலி மொழி வடிவத்துக்கு கிறிஸ்டோபர் டின் இசையமைத்தார். 2011-இல் அதற்கு கிராமி விருது கிடைத்தது. கேமுக்காக உருவான இசை ஒன்று கிராமி வாங்கியது அதுவே முதல் முறை.

இரண்டாம் வகையினர், எந்தக் காலத்துக் கதையோ அந்தக் காலத்து இசை வேண்டும் என்பார்கள். 2016-இல் வந்த சிவிலைசேஷன் 6 இவர்களை மனதில் வைத்தது போல இருக்கும். அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மெட்டு. ஆட்டம் கற்காலத்திலிருந்து நவீன காலத்துக்கு நகர நகர அதே மெட்டு சில கருவிகளில் தொடங்கிப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவாக வளரும். கிரேக்க நாட்டுக்கு செய்கிலோஸ் கல்வெட்டுப் பாடலை எடுத்துக்கொண்டார்கள். சுரக்குறிப்புடன் முழுமையாகக் கிடைத்துள்ள பாடல்களில் உலகிலேயே பழமையானது அது. இந்தியாவுக்கு "வைஷ்ணவ ஜன தோ". 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நரசிங் மேத்தா இயற்றிய குஜராத்தி பஜனைப் பாடல். காந்தியடிகளுக்கு மிகவும் பிடித்தது. கேமில் காந்தி தலைவராக வரும்போது இது பொருத்தம். ஆனால் 2018-இல் சந்திரகுப்த மௌரியரும் தலைவராகச் சேர்க்கப்பட்டார். அவர் வாழ்ந்தது கி.மு. 4-ஆம் நூற்றாண்டில்! காலக்கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது நெருடும். மெட்டு நன்றாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு நெருடாது.

மூன்றாம் வகையினருக்குக் காலமும் வேண்டாம், பிரமாண்டமும் வேண்டாம். தங்களுக்குப் பிடித்த பாட்டு ஓடினால் போதும். இவர்களையும் கேம் கம்பெனிகள் விட்டுவைக்கவில்லை. சுவீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம், இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ஹார்ட்ஸ் ஆப் அயர்ன் 4 கேமுக்கு சபாட்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடல்களைத் தனி இணைப்பாகவே விற்றது. பிடித்தவர் வாங்கலாம், பிடிக்காதவர் விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் இதுவே நாகரிகமான தீர்வு.

நம் சோழர்களுக்கு எந்த இசை?

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2022 ஏப்ரலில் ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2 டெபினிட்டிவ் எடிஷனுக்கு டைனஸ்டீஸ் ஆப் இந்தியா என்ற இணைப்பு வெளிவந்தது. அதில் திராவிடர்கள் தனி இனமாகச் சேர்க்கப்பட்டார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் கதையும் அதில் உண்டு. படைவீரனை க்ளிக் செய்தால் அவன் தமிழில் பேசுகிறான். சித்தப்பா மகன் இதை முதலில் ஆடியபோது சமையலறையிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தார். வெளிநாட்டு கேம் ஒன்றில் தமிழ்க் குரல் கேட்பது நம்மவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

தமிழ்க் குரல் வந்துவிட்டது, தமிழ் இசையும் வேண்டாமா என்று அவன் கேட்டான். நாதஸ்வரம், தவில், பறை, வீணை, வயலின் என்று பட்டியலும் போட்டான். நல்ல கேள்விதான். ஆனால் இந்தப் பட்டியலைக் காலத்தோடு ஒப்பிட்டால் சுவாரசியமாக இருக்கும். வயலின் கர்நாடக இசைக்குள் வந்தது ஏறத்தாழ 1800-ஐ ஒட்டித்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதன் முன்னோடி. 24 மெட்டுகள் கொண்ட இன்றைய தஞ்சாவூர் வீணை, 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானதாகச் சொல்லப்படுகிறது. ராஜேந்திரன் ஆண்டதோ 1014 முதல் 1044 வரை. நாம் "நம் பழைய இசை" என்று நினைப்பதில் ஒரு பகுதி அவனுக்குப் பல நூறு ஆண்டுகள் பிந்தியது.

அப்படியானால் சோழர் காலத்தில் என்ன ஒலித்தது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று பதில் சொல்கிறது. 1010-இல் முடிந்த அக்கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேரையும், உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் ராஜராஜன் நியமித்தான். ஆக, 48 குரல்களுக்கு 2 தாளக் கருவிகள்! புதுக்கோட்டை அருகே குடுமியான்மலையில், 7-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சுரக்குறிப்புக் கல்வெட்டே இருக்கிறது. கேம் செய்பவர்கள் தேடினால் கிடைக்கும் மூலப்பொருள் இவை.

என் கருத்து இதுதான். முழுக்க முழுக்க அந்தக் காலத்து இசையை யாராலும் திருப்பித் தர முடியாது. கல்வெட்டு கருவியின் பெயரைச் சொல்லும். அது ஒலித்த விதத்தைச் சொல்லாது. எனவே எல்லா வரலாற்று கேம் இசையும் ஒரு கற்பனைதான். கற்பனை என்றால் அதில் உங்கள் ரசனைக்கும் இடம் உண்டு. "இது வரலாறு இல்லை" என்று ஒருவரும் "இது போர்" என்று இன்னொருவரும் சண்டை போடத் தேவையில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்யும் முறை

1. கேமைத் திறந்து ஆப்ஷன்ஸ் அல்லது செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று ஆடியோ என்பதை க்ளிக் செய்யுங்கள். பெரும்பாலான கேம்களில் மியூசிக்குக்கும் சவுண்ட் எபெக்ட்டுக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கும்.

2. மியூசிக் ஸ்லைடரை மட்டும் பூஜ்ஜியத்துக்கு இழுங்கள். எபெக்ட் ஸ்லைடரைத் தொட வேண்டாம். மாமாவின் பிரச்சினை இதோடு தீர்ந்தது. எச்சரிக்கை ஒலி கேட்கும், டமடம இருக்காது.

3. சொந்தப் பாட்டு வேண்டுமானால், ஒரு போல்டரில் பிடித்த பாடல்களைப் போட்டு விஎல்சி பிளேயரில் ஓட விடுங்கள். பிறகு கேமைத் திறங்கள். இரண்டுக்கும் மாற ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு டேப் கீயைத் தட்டினால் போதும்.

4. பாட்டு கேமை அமுக்கினால், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்ஸர் என்று வரிசையாகச் செல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு ஸ்லைடர் தெரியும். விஎல்சியைக் குறைத்துக் கேமைக் கூட்டுங்கள். கேமின் பெயர் அங்கே இல்லை என்றால், கேமை முதலில் ஓட விட்டுப் பிறகு பாருங்கள்.

5. ஆட்டத்தை ரெக்கார்ட் செய்து யூடியூபில் போடும் எண்ணம் இருந்தால் சினிமாப் பாட்டை ஓட விடாதீர்கள். காப்பிரைட் புகார் வரும்.

காதும் உறக்கமும்

வீட்டில் ஒருவர் தூங்கினால் ஹெட்போன்தான் வழி. ஆனால் ஒலி அளவு 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. நிட்டிங் மெஷின், தையல் மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவர்களின் காது ஏற்கெனவே போதுமான அளவு உழைத்துவிட்டது. அவர்கள் இன்னும் குறைத்து வைப்பது நல்லது.

இந்த வாரம் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே ஆட்டத்தை மூன்று முறை ஆடுங்கள். முதலில் கேமின் சொந்த இசையோடு, அடுத்து எபெக்ட் மட்டும், கடைசியில் உங்களுக்குப் பிடித்த பாட்டோடு. நீங்கள் எந்த வகை என்பது தெரிந்துவிடும். பிறகு அந்த ஸ்லைடர்களை அப்படியே விட்டுவிடாமல், அடுத்து உட்காருபவருக்கும் எங்கே மாற்ற வேண்டும் என்று காட்டிவிடுங்கள்.