முதுமலைக்குப் போகும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பும் காட்டுப் பயணம் இன்று நிறையக் குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நல்லதுதான். காட்டை நேரில் பார்த்தவர்கள்தான் நாளைக்குக் காட்டுக்காகப் பேசுவார்கள். ஆனால் பெட்டி படுக்கையோடு சில நம்பிக்கைகளும் வண்டியில் ஏறிவிடுகின்றன. சிலவற்றால் நமக்கு ஏமாற்றம் மிஞ்சும், அவ்வளவுதான். வேறு சில, விலங்குகளின் உயிருக்கே உலை வைக்கின்றன. ஏராளமானோர் போகும் முதுமலையை வைத்தே பார்ப்போம். 1940-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான காடு அது.

“புலியைப் பார்க்கலைன்னா போனதே வீண்”

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதுமலையில் 114 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டது. அப்படியும் வனத்துறை வண்டியில் ஒரு சுற்று போய்வருவதற்குள் புலி கண்ணில் படுவது அபூர்வம். தனித்து வாழும், பதுங்கி வேட்டையாடும் விலங்கு அது. பகலில் பெரும்பாலும் நிழலில் படுத்துக் கிடக்கும். யார் கண்ணிலும் படாமல் இருந்தால்தான் அதற்கு இரை கிடைக்கும்.

ஆனால் புலி நடமாடுவதைக் காடு நமக்குச் சொல்லிவிடும். மேய்ந்துகொண்டிருக்கும் புள்ளிமான் சட்டென்று தலை தூக்கி, வாலை நிமிர்த்தி, ஒரே திசையைப் பார்த்து முன்காலால் தரையைத் தட்டும். கூர்மையாக ஒரு குரல் கொடுக்கும். மரத்தின் மேலிருந்து மந்தி, இருமுவதுபோலக் குரைக்கும். வண்டி ஓட்டுகிறவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காது கொடுப்பார். அந்த இரண்டு நிமிடம் வண்டிக்குள் யாரும் பேசாமல் இருந்தால், புலி எந்தப் புதரிலிருந்து எந்தப் புதருக்கு நகர்கிறது என்பதுகூடப் பிடிபடும். என்னைக் கேட்டால், காட்டில் கிடைக்கிற மிகப் பெரிய அனுபவம் இதுதான். “புலியைக் காட்டுங்க, தனியா கவனிச்சுக்கறோம்” என்று ஓட்டுநரிடம் சொல்லிவைப்பது இதைக் கெடுத்துவிடும். அந்தப் பேச்சுதான் வண்டிகளைத் தடம் விட்டு இறங்கவும், விலங்கை வழிமறிக்கவும் தூண்டுகிறது.

“ரெண்டு பிஸ்கட் போட்டா என்ன ஆயிடும்?”

இரக்கத்தால்தான் போடுகிறோம். சந்தேகமில்லை. ஆனால் விளைவு இரக்கமற்றது. நாட்டுக்குரங்கு நாளெல்லாம் பழம், கொழுந்து, பூச்சி என்று காட்டுக்குள் அலைந்து தின்னும். சாலையோரத்தில் பிஸ்கட்டும் சிப்ஸும் விழுகின்றன என்று தெரிந்துவிட்டால் கூட்டம் மொத்தமும் அங்கேயே உட்கார்ந்துவிடும். குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு தாய்க்குரங்கு சாலையின் குறுக்கே ஓடும். வளைவில் வருகிற லாரிக்கு அது தெரியாது. அடிபடாமல் தப்பியவை பையைப் பறிக்கவும் கையைக் கடிக்கவும் பழகும். பிறகு “குரங்குத் தொல்லை, பிடித்துக்கொண்டு போங்கள்” என்று நாமே மனுக் கொடுப்போம். வால்பாறையில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலையின் மேல், மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கீழே இறங்காமல் கடக்கட்டும் என்பதற்காகத்தான். கார் கண்ணாடியை இறக்கி ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் அவ்வளவு உழைப்பும் வீணாகிறது.

தின்பண்டத்தோடு முடிவதுமில்லை. காலி பாக்கெட்டில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். உப்புக்கு ஏங்கும் மானும் யானையும் பாக்கெட்டோடு விழுங்கிவிடும். கோவை மருதமலைப் பக்கம் குப்பைக் கிடங்கில் மேய்ந்த யானைகளின் சாணத்தில் பிளாஸ்டிக் கிடந்ததைப் பலரும் படம் பிடித்திருக்கிறார்கள். நீலகிரிச் சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறார்களே என்று எரிச்சல்படுகிறவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

“எங்க பார்த்தாலும் பச்சை, காடு செழிப்பா இருக்கு”

மழைக்குப் பிறகு மசினகுடி சாலையில் போகிறவர்கள் சொல்வது. வண்டியிலிருந்தே அந்தப் பச்சையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். சதுரத் தண்டு, சிறு முட்கள், சொரசொரப்பான இலை, இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த பூங்கொத்து. கசக்கினால் காரமான நெடி அடிக்கும். இது உன்னிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. கொண்டைக்குருவிகள் இதன் கருநீலப் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்பிவிட்டன. இதை மான் தின்னாது, காட்டுமாடு தின்னாது. இதன் அடியில் புல்லும் முளைக்காது. கோடையில் தீப்பிடித்தால் தரையில் ஓடும் தீயை மரக்கிளை வரை ஏற்றிவிடும். கொத்துக்கொத்தாக மஞ்சள் பூத்து, போட்டோ எடுக்கத் தோன்றும் சென்னா மரமும் இப்படி வந்ததுதான். முதுமலையில் அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

அதாவது, பச்சை நிறைந்த ஒரு காட்டுக்குள் மேய்ச்சல் விலங்கு பட்டினி கிடக்க முடியும். வயலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் யானை ஏன் வருகிறது என்று கேட்பவர்கள் இந்தப் புதரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் உன்னித் தண்டை வேகவைத்து, தோலுரித்து, வளைத்து, நிஜ அளவு யானைகளைச் செய்கிறார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. களையும் போகிறது, கூலியும் கிடைக்கிறது.

“ஜீப்காரர் கூப்பிடறார், அனுமதி இல்லாமலா இருக்கும்?”

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். பொதுச்சாலை வழியே கடந்துபோகிறவருக்கு விலக்கு உண்டு. கடந்துபோகத்தான் விலக்கு. இறங்கி செல்ஃபி எடுக்கவோ, ஓரமாக உட்கார்ந்து சாப்பிடவோ இல்லை. ‘நைட் சஃபாரி’ என்று மசினகுடியில் காதில் சொல்லி அழைத்துப் போகும் எதற்கும் அனுமதி கிடையாது. மங்கிய வெளிச்சத்துக்கென்றே அமைந்த கண்ணில் ஸ்பாட்லைட் பட்டால் மான் அப்படியே உறைந்து நிற்கும். நாம் போன பிறகும் கொஞ்ச நேரம் அதற்குப் பார்வை தெளியாது. பக்கத்தில் சிறுத்தை இருந்தால் மானின் கதை முடிந்தது. முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாலையையே மூடிவிடுகிறார்கள். 2009-ல் அந்தத் தடை வந்ததற்குக் காரணம், இரவில் வண்டிகளில் அடிபட்டுச் செத்த விலங்குகள்.

தங்குமிடத்தையும் விசாரியுங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் உள்ள விடுதிகளை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மசினகுடியில் ஒரு விடுதிக்கு அருகே வந்த ஆண் யானையின் மேல் தீயை வீசினார்கள். காது எரிய எரிய அது இருட்டில் ஓடுவதை நாடே வீடியோவில் பார்த்தது. அந்த யானை பிழைக்கவில்லை. ‘அறையிலிருந்தே யானை பார்க்கலாம்’ என்று விளம்பரம் செய்யும் இடம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று யோசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

“ஹார்ன் அடிச்சா யானை வழிவிடும்”

விடாது. தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹார்ன், ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம். யானை காதை விரித்து, தலையை உயர்த்தி நம்மைப் பார்த்தால், நெருங்கிவிட்டோம் என்று பொருள். மெதுவாகப் பின்னால் எடுங்கள். அது கடந்த பிறகும் உடனே கிளம்பாதீர்கள். குட்டியோடு கூட்டத்தின் மீதி, புதருக்குப் பின்னால் நிற்கும்.

“கோடையில காட்டுல என்ன இருக்கு?”

முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. தை, மாசியில் இலை கொட்டுவது அதன் இயல்பு, நோய் அல்ல. இலை இல்லாததால் விலங்கும் நன்றாகத் தெரியும். ஆனால் சருகு காய்ந்த காட்டுக்கு ஒரு பீடித்துண்டு போதும். நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதர் கையால் வருவது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். தீக்காலத்தில் காப்பகத்தை மூடினால், அறை முன்பதிவு செய்துவிட்டோம் என்று சண்டை போடாதீர்கள்.

“வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட வேடந்தாங்கல் வருகின்றன”

முதுமலை தூரம் என்று நினைக்கும் சென்னைக்காரர்களுக்கு இரண்டு நாள்கூட வேண்டாம், வேடந்தாங்கலுக்கு ஒரு காலை போதும். ஆனால் பள்ளிப் பாடத்திலிருந்து மனதில் பதிந்துவிட்ட இந்த நம்பிக்கையைத் திருத்திக்கொண்டு போனால் ஏரி வேறு மாதிரி தெரியும். அங்கே நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். மழையையும் மீனையும் பார்த்து இடம் மாறுகிறவை. வட ஆசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே முட்டையிடுவதில்லை. அதற்கு அவை கோடையில் தம் ஊருக்கே திரும்பிவிடும்.

இந்த ஏரியைக் காத்தது ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்று தெரிந்து, பறவையைச் சுட வந்தவர்களைத் தடுத்து, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் உரிமை எழுதி வாங்கினார்கள். தீபாவளிக்குக்கூட அங்கே வெடிச் சத்தம் கேட்காது. நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் வேறு நீர்நிலை தேடிப் போய்விடும். அதனால் ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அங்கே குறைவாக இருந்தால், பக்கத்துக் கரிக்கிலி ஏரியைப் பற்றியும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.