பிடுங்கும் முன் ஒரு கேள்வி

அன்புள்ள வெம்பக்கோட்டைச் சகோதரிக்கு,

உங்கள் அம்மா சாத்தூர் காராச்சேவைக்கூடத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் சாப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். கீழ்ப் பல்செட்டு பேசும்போதே எழும்பி வருகிறது. கம்பி மாட்டியிருக்கும் கோரைப் பற்கள் இரண்டும் லேசாக ஆடுகின்றன. அவற்றையும் பிடுங்கிவிட்டு முழு செட்டாகக் கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். வேர் இருக்கும்வரைதான் அதைச் சுற்றிய எலும்பு நிற்கும். பிடுங்கினால் எலும்பு கரையும். செட்டுக்கு உட்கார மேடு இருக்காது.

அந்த வேர்களிலேயே காந்தத்தைக் கொண்டு செட்டைப் பிடிக்கவைக்கும் முறை உண்டு. பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்குக் குறைத்து, மேலே சிறு எஃகுத் தகடு ஒட்டுவார்கள். அதற்கு நேராகச் செட்டின் அடியில் மிளகளவு காந்தம். வாய்க்குள் கொண்டுபோனதும் 'டக்'கென்று தானே போய் உட்காரும். ஒரு காந்தத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ இழுவிசை உண்டு. பல்லின் உயரம் குறைவதால் ஆட்டமும் குறையும். பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் காந்தம் சற்று நகர்ந்துகொடுக்கும். கம்பியைப் போல வேரை நெம்பாது. வருஷக்கணக்காக வெடிக்குக் குழாய் உருட்டி விறைத்துப்போன அம்மாவின் விரல்களுக்கும், மாட்டிக் கழற்ற இது சுலபம்.

1980-களில் நியோடிமியம் காந்தம் வந்தபின்தான் இவ்வளவு சின்ன அளவில் இவ்வளவு பலம் கிடைத்தது. ஜப்பானில் 2021-ல் இதைப் பொது மருத்துவக் காப்பீட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். நம் பக்கம் இன்னும் பரவலாகவில்லை. செயற்கைப் பல் நிபுணரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும்.

பராமரிப்பு முக்கியம். காந்தத்தை எச்சில் அரித்துவிடும் என்பதால் உலோக உறை போட்டு மூடியிருப்பார்கள். பல்பொடியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் அந்த உறை தேயும். மெல்லிய பிரஷ்ஷே போதும். கொதிக்கும் நீரில் போட்டால் காந்தமும் பலமிழக்கும், செட்டும் நெளியும். பட்டாசு வேலை நடக்கும் உங்கள் ஊருக்கென்று ஒன்று சொல்கிறேன். கம்பி மத்தாப்பு மருந்தில் இரும்புத் தூள் உண்டு. வேலையிடத்தில் செட்டைக் கழற்றி வைத்தால் தூள் காந்தத்தில் அப்பிக்கொள்ளும். வீட்டில் மட்டும் கழற்றச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் செட்டைக் கழற்றுவதோடு, வேரில் தகடு இருப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரவில் அந்த இரண்டு வேர்களையும் துலக்காமல் படுக்கக் கூடாது. வேர் சொத்தையானால் எல்லாம் வீண்.

முதலில் ஓர் எக்ஸ்ரே எடுங்கள். "இந்த வேர்கள் தாங்குமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பு அடியோடு கரைந்திருந்தால் பிடுங்குவதே சரி. அதற்காக வருந்த வேண்டாம். தாங்கும் என்றால், அம்மாவிடம் இன்னும் இரண்டு வேர்கள் மிச்சமிருக்கின்றன. எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவர்