யார் நீ? எது உன் அடையாளம்?

பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்த காட்சியை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அரசியின் சிலம்பில் முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பியதால் கோவலன் உயிர் போயிற்று. சொல்பவர் யார், சொல்வது மெய்யா என்று சோதித்தறிவது மனிதருக்கு மட்டுமன்று, இயந்திரங்களுக்கும் தேவை.

நம் தந்தையரும் அண்ணன்மாரும் பணிபுரியும் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளை எண்ணிப் பார்ப்போம். ஆலையின் கணிப்பொறிகளை இணைப்பவை ரௌட்டர், ஸ்விட்ச் முதலிய கருவிகள். இத்தகைய கருவிகளை ஓரிடத்திலிருந்தே கண்காணிக்க 1988-இல் வெளியானது எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை. இதன் மூலம் கருவியின் நிலையைக் கேட்கலாம். 'இந்த இணைப்பை நிறுத்து' என்று கட்டளையும் இடலாம்.

கட்டளையிடுபவரை அறிய முதற்பதிப்பில் இருந்தது 'கம்யூனிட்டி' எனும் ஒரே சொல். பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்றே அமைந்திருந்தது. மேலும், அஞ்சலட்டையில் எழுதிய இரகசியம்போல அது மறைப்பின்றிச் சென்றது. வழியில் பார்ப்பவர் எவரும் படிக்கலாம் அன்றோ?

இந்த அபாயம் கற்பனையன்று. 2021-இல் ஏ.பி.டி.28 என்னும் கும்பல் எளிதில் ஊகிக்கத்தக்க சொற்களைக் கொண்டு சிஸ்கோ ரௌட்டர்களுள் நுழைந்ததென, 2023 ஏப்ரலில் பிரிட்டனும் அமெரிக்காவும் கூட்டாக எச்சரித்தன.

இக்குறைகளை நீக்க வந்ததே மூன்றாம் பதிப்பு. 2002-இல் அது முழுத் தரநிலையாயிற்று. அதன் முறைகளைக் காண்போம்.

முதலாவது, கடவுச்சொல் கம்பிவழியே செல்வதே இல்லை. செய்தியையும் இரகசியத் திறவுகோலையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு முத்திரை மட்டுமே உடன் செல்லும். பெறும் கருவியும் அதே கணக்கைச் செய்யும். செய்தியில் ஓரெழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது.

இரண்டாவது, 150 விநாடிக்கு மேல் பழகிய செய்தி தள்ளப்படும். ஆகவே, பழைய கட்டளையைப் பதிந்துவைத்துப் பின்னர் அனுப்பி ஏமாற்ற இயலாது.

மூன்றாவது, ஒரே கடவுச்சொல்லிலிருந்து கருவிக்கொரு திறவுகோல் உண்டாகிறது. ஒரு கருவியின் திறவுகோல் களவுபோனாலும் அதைக்கொண்டு மற்றவற்றைத் திறக்க முடியாது.

ஆயினும் முத்திரை செய்தியை மறைக்காது. அதற்கு மறையாக்கம் எனும் தனி வசதியையும் இயக்க வேண்டும். முத்திரைக் கணக்கிலும் பழைய எம்.டி.5 முறையைவிட, 2015-இல் சேர்க்கப்பட்ட ஷா-2 முறைகளே உறுதியானவை.

தோழியரே! பூட்டு எவ்வளவு உறுதியானாலும் சாவியை வாசலிலேயே தொங்கவிட்டால் பயன் என்ன? நாளை நம்மில் பலர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பொறுப்பேற்போம். இன்று நம் வீட்டு வைஃபை பெட்டியின் கடவுச்சொல்லை மாற்றி, அதற்கான முதற்பாடத்தைத் தொடங்குவோமாக!