புதிய கிராபிக்ஸ் கார்ட் போட்ட பிறகு கணினி நின்றுபோனால்



இன்று நமது லயன் வீடுகளுக்கும் கணினி வந்துவிட்டது. அது பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிதான். படம் வரையவும் வீடியோ வெட்டி ஒட்டவும் பழகும் பிள்ளைகள் அதில் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கிப் போடுகிறார்கள். போட்ட நாளில் இருந்து கணினி நடுவிலே நின்றுபோகிறது. "கார்ட் பழுது, வேற வாங்குங்க" என்று கடையில் சொல்லிவிடுவார்கள். 27,000 ரூபாவுக்கு ஒரு கார்ட் என்றால், 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்கூலியில் அது 20 நாள் உழைப்பு. ஆகவே காசு கொடுக்குமுன் பிழை எங்கே என்று பார்ப்பதே இன்றைய பாடம்.

நமது தோட்டத்துப் பிள்ளை ஒருவர் காத்தான்குடியில் அச்சுவேலைக் கடையொன்றில் இருக்கிறார். அவருடைய கணினிக்கும் இதே கதைதான். சும்மா எழுத்து அடித்தால் ஒன்றுமில்லை. வீடியோ வேலை தொடங்கினால் பட்டென்று அணைந்துவிடும். அவர் செய்த சோதனைகளை வரிசையாகப் பார்ப்போம்.

1. எப்படி நிற்கிறது?

கரண்ட் போனதுபோல் பட்டென்று அணைந்தால் மின்சாரம் போதவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். நீலத் திரை வந்து "வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்" என்று எழுத்து வந்தால் டிரைவர் மென்பொருளில் கோளாறு இருக்கலாம். கார்ட் 2 வினாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மீட்க முயலும். மீட்க முடியாதபோது இந்த எழுத்து வரும். அரை மணிநேரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு நின்றால் சூட்டைப் பாருங்கள்.

2. கார்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

மதர்போட்டிலேயே திரை வயர் கொழுவும் இடம் இருந்தால், கார்ட்டை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அப்போது நிற்காவிட்டால் பழைய கணினியில் குறையில்லை என்று எண்ணலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

3. வோட்ஸ் கணக்கு

லயன் வீட்டில் அயன்பெட்டியும் கேத்தலும் ஒன்றாகப் போட்டால் டிரிப் சுவிட்ச் விழுகிறதல்லவா? இதுவும் அப்படித்தான். அவருடைய பவர் சப்ளை பெட்டியில் 250 வோட்ஸ் என்று இருந்தது. போட்ட கார்ட் ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர்; அது 125 வோட்ஸ் இழுக்கும். ஐ5 4570 புரொசசருக்கு 84. இரண்டும் சேர்ந்து 209. மீதி 41 வோட்ஸில் மதர்போட், டிஸ்க், விசிறி எல்லாம் ஓட வேண்டும். கார்ட் ஒரு கணம் கூடுதலாக இழுத்தால் போதும், பெட்டி கையை விரித்துவிடும். அந்தக் கார்ட்டுக்கு 450 வோட்ஸ் சப்ளை வேண்டும் என்று செய்த நிறுவனமே சொல்கிறது.

4. ஒட்டு வயர் வேண்டாம்

கார்ட் செருகும் இடம் தருவது 75 வோட்ஸ்தான். அதற்கு மேல் வேண்டிய கார்ட்டுக்குத் தனி வயர் தேவை. அந்த வயர் இல்லாததால், டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரில் இருந்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். சாட்டா முனை தாங்குவது சுமார் 54 வோட்ஸ். 8 ஊசி முனை 150 வரை கேட்கலாம். பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கவும் கூடும்.

5. உப்பும் ஈரமும் சூடும்

காத்தான்குடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் ஊர். உப்புக் காற்று செப்பு முனைகளில் படியும். நம்ம மலைப்பக்கம் பனிமூட்டத்தின் ஈரம். ப்ளக்கைக் கழற்றி, இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, கார்ட்டின் முனையை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துச் சரியாக அழுத்திச் செருகுங்கள். விசிறியில் தூசு இருந்தால் தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

6. டிரைவர்

பழைய கார்ட்டின் டிரைவரை நீக்கிவிட்டு, புதியதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்தே எடுத்துப் போடுங்கள். இதற்குக் காசு இல்லை.

அந்தப் பிள்ளை ஒட்டு வயரை எறிந்துவிட்டு 450 வோட்ஸ் சப்ளை ஒன்று போட்டார். கார்ட்டின் விலையில் ஒரு பங்குதான் செலவு. பழுது என்று சொன்ன அதே கார்ட் இன்றும் ஓடுகிறது. சில அலுவலகக் கணினிகளின் சப்ளை தனி அளவு, தனி முனை கொண்டது. ஆகவே வாங்குமுன் பழைய பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறந்து பார்க்கக் கூடாது. ப்ளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும்.

பயிற்சி: உங்கள் வீட்டுக் கணினியின் சப்ளைப் பெட்டியில் எத்தனை வோட்ஸ் என்று எழுதியிருக்கிறது? வாங்க நினைக்கும் கார்ட்டுக்கு எத்தனை வேண்டும்? இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே பெற்றோர் சீட்டுக் காசை எடுக்கட்டும்.