காளான் படுக்கையில் நகரும் மாவு



போன மாதம் சிப்பிக் காளான் வளர்க்கும் ஒரு குழுவின் குடிலுக்குப் போயிருந்தோம். கடன் வாங்கிப் போட்டவை 40 படுக்கைகள். அதில் 18 படுக்கைகளில் வெள்ளை இழை நன்றாகப் பரவி, பிறகு திட்டுத் திட்டாக மறைந்திருந்தது. பையின் மேல் மாவு சிந்தியது போல் தூசி. "வித்து சரியில்லை போல மேடம், மருந்து அடிச்சிடலாமா?" என்று கேட்டார்கள். தூசியைக் கறுப்புத் துணியில் தட்டி உற்றுப் பார்த்தோம். தூசி நகர்ந்தது!

இது என்ன?

டைரோபேகஸ் என்னும் சிலந்திப் பேன் இனம். அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். எட்டுக் கால், கண் கிடையாது. தேங்காயைச் சொறியாக்கும் ஈரியோபைட் சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். அது தேங்காயின் சாற்றை உறிஞ்சும். இது பூசணத்தைத் தின்னும். காளானும் ஒரு பூசணம்தானே! அதனால்தான் அதன் இழையையும் விடுவதில்லை. கொப்பரை மூட்டை தூக்குபவர்களுக்கு வரும் அரிப்புக்கும் இந்த இனம் ஒரு காரணம்.

எப்படி வந்தது?

குடில் மூலையில் பூசணம் பிடித்த தவிட்டு மூட்டை இருந்தது. அறுவடை முடிந்த பழைய படுக்கைகளும் அங்கேயே கிடந்தன. விறகு மிச்சம் என்று வைக்கோலையும் சரியாக வேக வைக்கவில்லை. ஈரமும் பூசணமும் சேர்ந்த இடம் இதற்கு மாமியார் வீட்டு விருந்து மாதிரி.

நாம் செய்ய வேண்டியவை

1. பூசணம் இல்லாத புது வைக்கோலையே வாங்குங்கள். 4 மணி நேரம் ஊறவைத்து, கொதிநீரில் 1 மணி நேரம் வேக வையுங்கள். பேனும் முட்டையும் செத்துவிடும்.

2. வைக்கோலைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும்.

3. தவிடு, கடலை, கொப்பரை எதையும் குடிலில் வைக்காதீர்கள்.

4. பேன் பிடித்த படுக்கையைப் பையோடு கட்டி, தூரமாகக் குழியில் புதையுங்கள். அதைத் தொட்ட கையோடு நல்ல படுக்கையைத் தொடாதீர்கள்.

5. படுக்கையில் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். காளானைத் தோல் உரித்துச் சாப்பிடுவதில்லை. விஷம் நம் பிள்ளைகள் தட்டுக்கே வரும்.

அந்தக் குழு 18 படுக்கைகளையும் புதைத்தது. மனசு கஷ்டம்தான். ஆனால் மீதி 22 படுக்கைகளும் தப்பின, அறுவடையும் நடக்கிறது.

கூட்டத்தில் பேசுங்கள்: நம் குடிலில் பூசணம் பிடித்த பொருள் எங்கே இருக்கிறது? அதை இன்றே யார் அப்புறப்படுத்துவது?