மிக்கி பொம்மையின் முதுகில் ஒரு சீட்டு



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்தது, வரவு செலவு எழுதியாச்சு, தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்தும் போட்டாச்சு. கிளம்புகிற நேரத்தில் ஒரு அக்கா பைக்குள்ளிருந்து ஒரு பொம்மையை எடுத்துக் காட்டினாங்க. பெரிய கறுப்புக் காது, சிவப்புக் கால்சட்டை, மஞ்சள் ஷூ. மிக்கி மவுஸ் எலிதான். அவங்க கொழுந்தனார் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் இருக்கிற டிஸ்னி பூங்காவுக்குப் போனவர், அண்ணன் மகனுக்கு ஞாபகமாக இதை வாங்கி வந்திருக்கிறார்.

பொம்மை கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது. பத்தாவது வரை படித்த ஒரு தங்கச்சி, பொம்மையின் முதுகில் தைத்திருந்த துணிச்சீட்டை எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க. "மேட் இன் சைனா"ன்னு இருந்தது. அதாவது சீனாவில் செய்தது.

எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அம்புட்டுத் தூரம் அமெரிக்கா போயி சீனாப் பொம்மையா வாங்கிட்டு வந்தாரு? நம்ம ஊர்த் திருவிழாக் கடையிலயே கிடைக்குமே"ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. பொம்மையைக் கொண்டுவந்த அக்காவுக்கு முகம் வாடிப்போச்சு. "எங்க கொழுந்தனாரை ஏமாத்திட்டாங்களா மேடம்?"ன்னு கேட்டாங்க.

ஏமாற்றவில்லை. அது அசல் பொம்மைதான். அமெரிக்கப் பூங்காவில் விற்கும் பொம்மை ஏன் சீனாவில் தைக்கப்படுகிறது, தைக்கிறவர்கள் யார், கொடுத்த காசில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று அன்றைக்குப் பேச ஆரம்பித்து இருட்டிவிட்டது. தையல் வேலை செய்கிற நம் உறுப்பினர்கள் எல்லாருக்கும் இது உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பூங்காவும் கடையும்

வால்ட் டிஸ்னி என்பவர் படம் வரைந்து சினிமா எடுத்தவர். 1955 ஜூலை 17ந்தேதி கலிபோர்னியா மாநிலத்தில் அனாஹெய்ம் என்ற ஊரில், ஆரஞ்சுத் தோட்டமாக இருந்த இடத்தில் டிஸ்னிலாந்து பூங்காவைத் திறந்தார். ஃபுளோரிடா பூங்கா 1971ல் வந்தது. நுழைவுச் சீட்டுக் காசு ஒரு வருமானம் என்றால் உள்ளே இருக்கிற கடைகள் இன்னொரு பெரிய வருமானம். பல ராட்டினங்களில் இறங்கி வெளியே வரும் வழியே ஒரு கடைக்குள்தான் போகும். பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும். தேர்த்திருவிழாவுக்குப் போய்விட்டு வளையல், பலூன் வாங்காமல் வீட்டுக்கு வர முடியுமா, அது மாதிரிதான்.

அங்கே ரொம்பக் காலமாக விற்கும் பொருள் ஒன்று, மிக்கியின் இரண்டு காது வைத்த கறுப்புத் தொப்பி. 1955ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ராய் வில்லியம்ஸ் என்ற ஓவியர் உருவாக்கியது. தொப்பி வாங்கினால் பின்பக்கத்தில் பிள்ளையின் பெயரைத் தையல் எந்திரத்தில் எழுதித் தருவார்கள். இதைக் கவனிங்க. தொப்பி வேறு நாட்டில் வெட்டித் தைத்து, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கப்பலில் வருகிறது. பூங்காவில் நடக்கிற தையல் அந்த ஒரு பெயர் மட்டும்தான். வாங்குகிறவர் கொடுக்கும் விலை துணிக்கும் நூலுக்கும் உரியது இல்லை. "நாங்க அங்க போனோம்" என்ற ஞாபகத்துக்கு உரியது. அந்த ஞாபகம் பூங்காக்காரரிடம்தான் இருக்கிறது, தைத்தவரிடம் இல்லை.

படம் ஒருத்தர் கையில், ஊசி இன்னொருத்தர் கையில்

டிஸ்னி நிறுவனம் இந்தப் பொம்மைகளைத் தன் சொந்த ஆலையில் தைப்பதில்லை. அதன் சொத்து படம். மிக்கியை வைத்துப் பொருள் செய்ய வேண்டுமானால் அதன் அனுமதி வேண்டும், அதற்குப் பணம் கட்ட வேண்டும். இந்தப் பழக்கம் 1929ல் தொடங்கியது. நியூயார்க் ஓட்டல் ஒன்றில் ஒருவர் வால்ட் டிஸ்னியிடம் வந்து, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டில் மிக்கி படம் போட்டுக்கொள்ள 300 டாலர் கொடுத்தாராம். 1933ல் மிக்கி கைக்கடிகாரம் வந்தது. அதற்குப் பிறகு துணி, தட்டு, டம்ளர் என்று போடாத பொருள் இல்லை.

இப்போது நடப்பது இதுதான். படத்துக்கு உரிமையாளர் டிஸ்னி. அனுமதி வாங்கி வியாபாரம் செய்வது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி ஆர்டரைச் சீனாவிலோ வியட்நாமிலோ உள்ள ஆலைக்குக் கொடுக்கும். அந்த ஆலை வேலை அதிகமானால் பக்கத்தில் உள்ள சின்ன ஆலைக்குப் பிரித்துக் கொடுக்கும். பூங்காவில் நின்று பொம்மையை எடுத்துப் பார்க்கிற தாய்க்கும் அதைத் தைத்த பெண்ணுக்கும் நடுவில் நான்கைந்து கை. ஒவ்வொரு கையும் தனக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டுதான் அடுத்த கைக்குத் தள்ளும்.

பொருளில் ஊர்ப்பெயர் போட வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். 1890லேயே வந்தது, 1930 சட்டத்திலும் தொடர்கிறது. அந்தச் சீட்டுகளை வரிசையாகப் பார்த்தாலே ஒரு வரலாறு தெரியும். 1950, 60களில் டிஸ்னிலாந்தில் விற்ற பீங்கான் பொம்மைகள் பலவற்றின் அடியில் ஜப்பான் என்று இருக்கும். போரில் தோற்ற ஜப்பானில் அப்போது கூலி மலிவு. அங்கே கூலி ஏறியதும் வேலை ஹாங்காங், தைவான், கொரியா என்று நகர்ந்தது. 1980ல் சீன அரசு ஷென்சென் என்ற இடத்தைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவித்தது. ஹாங்காங் முதலாளிகள் எல்லை தாண்டி அங்கே ஆலை வைத்தார்கள். பொம்மை செய்த ஜப்பானில் 1983லும், ஹாங்காங்கில் 2005லும், சீனாவின் ஷாங்காயில் 2016லும் டிஸ்னி பூங்காவே வந்துவிட்டது. கூலி உயர்ந்த ஊரில் வாங்குகிறவர்களும் உண்டாகிறார்கள்.

ஷென்சென் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். ஆலை விடுதியில் தங்கல், ஒரே அறையில் பல பேர், அடுக்குக் கட்டில். கல்யாணமானவர்கள் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருவார்கள். தன் பிள்ளையை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற அம்மா அடுத்தவர் பிள்ளைக்குப் பொம்மை தைக்கிறாள். இதைச் சொன்னபோது கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மில் விடுதியில் மகளை விட்டிருந்த ஒரு அம்மாவும் அங்கே இருந்தாங்க.

பஞ்சு பொம்மை செய்வது எளிது என்று நினைக்க வேண்டாம். துணியை அடுக்கி அச்சு வைத்து வெட்ட வேண்டும். காது, கை, வால் என்று ஒவ்வொன்றையும் உள்பக்கமாகத் தைத்துத் திருப்ப வேண்டும். செயற்கைப் பஞ்சை அடைக்க வேண்டும். கடைசித் தையலைக் கையால் மூட வேண்டும். கண்ணைக் குழந்தை பிடித்து இழுத்தாலும் வரக் கூடாது. உள்ளே உடைந்த ஊசி இருக்கிறதா என்று கருவியில் சோதிப்பார்கள். நம்மில் தைக்கிறவர்களுக்குத் தெரியும், வளைவான துண்டைப் பிசிறில்லாமல் தைக்க எந்திரம் மட்டும் போதாது, கை பழக வேண்டும். அப்படிப் பழகின கைக்கு என்ன கிடைத்தது?

நூறு ரூபாயில் அறுபது காசு

ஹெய்ட்டி என்பது அமெரிக்காவுக்குப் பக்கத்தில் உள்ள மிக ஏழ்மையான ஒரு தீவு நாடு. அங்கே டிஸ்னி படம் போட்ட பிள்ளைகள் உடை தைத்த ஆலைகளைப் பற்றி 1996ல் அமெரிக்காவின் நேஷனல் லேபர் கமிட்டி என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு ஒரு படம் எடுத்தது. இவை கடைகளில் விற்ற உடைகள், பூங்காவில் விற்றவை அல்ல. ஆனால் படமும் அனுமதி முறையும் அதேதான். அந்த அமைப்பு சொன்ன கணக்கு இது: அமெரிக்கக் கடையில் 11 டாலர் 97 சென்டுக்கு விற்ற ஒரு செட் இரவு உடையில் தைத்தவருக்குக் கிடைத்தது 7 சென்ட். மணிக்கூலி 28 சென்ட். நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஒரு டாலர்.

நம் கணக்கில் போட்டுப் பார்த்தோம். நூறு ரூபாய்க்கு விற்ற பொருளில் தைத்தவருக்கு அறுபது காசுகூட இல்லை. எட்டு மணி நேரம் தைத்தால் 2 டாலர் 24 சென்ட், ஆறு நாள் தைத்தாலும் பதின்மூன்றரை டாலருக்குள்தான். அவர் தைத்த உடையில் ஒன்றை அவரே வாங்க வேண்டுமென்றால் ஏறக்குறைய அந்த வாரக் கூலி முழுவதும் போய்விடும்.

இந்தச் செய்திகள் வெளியே வந்து அமெரிக்காவில் மக்கள் கேள்வி கேட்ட அந்தக் காலத்தில்தான் டிஸ்னி தன் பொருளைச் செய்யும் ஆலைகளுக்கு நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய வேலை கூடாது, ஆலையைச் சோதிக்க விட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. விதி இருப்பது நல்லதுதான். ஆனால் சோதிக்க வருகிறவர் வருஷத்தில் ஓரிரு நாள்தான் வருவார். மீதி நாளெல்லாம் மேஸ்திரிதானே!

பூட்டிய கதவு

1993 மே 10ந்தேதி. தாய்லாந்தில் பாங்காக் நகருக்கு மேற்கே நக்கோன் பத்தோம் மாகாணத்தில் கேடர் பொம்மை ஆலை. டிஸ்னி, மேட்டல் போன்ற பெரிய நிறுவனங்களுக்கான பொம்மைகள் அங்கே தயாராயின. சாயங்காலம் நாலு மணி சுமாருக்குக் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. துணி, பஞ்சு, பிளாஸ்டிக் எல்லாம் குவிந்து கிடந்த இடம். முதலில் தீப்பிடித்த கட்டடத்தில் அபாய மணி அடிக்கவில்லை. மேல்மாடிகளில் இருந்தவர்கள் படிக்கட்டுக்கு ஓடினால் புகை. சில கதவுகள் பூட்டியிருந்தன. தொழிலாளர்கள் பொம்மையைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பூட்டி வைத்திருந்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். பலர் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். இரும்புத் தூண்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சு இல்லாததால் கட்டடமே சரிந்துவிட்டது. 188 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் சின்ன வயசுப் பெண்கள், கிராமத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். தாய்லாந்தில் இப்போது மே 10 தேசியத் தொழிற்பாதுகாப்பு நாள்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2012 நவம்பர் 24ல் வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் தஸ்ரீன் என்ற ஆடை ஆலையில் தீ. 110 பேருக்கு மேல் இறந்தார்கள். மணி அடித்தபோது மேலதிகாரிகள் "ஒண்ணுமில்லை, வேலையைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். எரிந்த இடத்தில் டிஸ்னி முத்திரை போட்ட உடைகள் கிடந்தன. எங்கள் பதிவேட்டின்படி ஓராண்டாக அந்த ஆலைக்கு அனுமதியே கிடையாது என்றது டிஸ்னி. அது உண்மையாகவே இருக்கலாம். நடுவில் நான்கைந்து கை என்று சொன்னேனே, அதனால் வருகிற வினை இதுதான். யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவரைக் காட்டுவார்கள்.

2013 மார்ச்சில் டிஸ்னி, வங்கதேசத்திலும் இன்னும் சில நாடுகளிலும் தன் பொருளைத் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக அனுமதி பெற்ற கம்பெனிகளுக்குத் தெரிவித்தது. அடுத்த மாதமே, ஏப்ரல் 24ல், ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டிஸ்னி விலகியது சரி என்று அப்போது பலர் பேசினார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வேலை போனது கதவைப் பூட்டியவருக்கு அல்ல, கதவுக்குள் இருந்த பெண்களுக்கு. வேறு பல நிறுவனங்கள் வங்கதேசத்திலேயே இருந்து, தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஆலைகளில் தீக்கதவும் படிக்கட்டும் சரி செய்ய வைத்தன. 2021ல் டிஸ்னியும் மறுபடி அங்கே ஆர்டர் கொடுக்க இசைந்தது.

நம்ம குழுவின் பை

இவ்வளவும் கேட்ட பிறகு அந்தக் கூட்டத்தில் ஊக்குநர் அக்கா ஒன்று கேட்டாங்க: "அப்ப நம்ம பை தைச்ச கதையும் இதுதானா?" அந்தக் குழு போன வருஷம் ஒரு ஏஜெண்ட் கொடுத்த துணிப்பை ஆர்டரை எடுத்தது. உள்துணி வைத்த பை, ஒன்றுக்கு 6 ரூபாய். நோட்டைத் திறந்து கணக்குப் பார்த்தோம். நூறு பைக்கு 600 ரூபாய். சரியில்லை என்று எட்டுப் பையைக் கழித்ததில் 48 போச்சு. நூல், கரண்டு 70. கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ 100. மிச்சம் 382. நாலு பேர் இரண்டு நாள் தைத்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 48 ரூபாய்கூட வரவில்லை. களை எடுக்கப் போயிருந்தால் இதைவிட அதிகம். அந்தப் பை எந்தக் கடைக்குப் போனது, என்ன விலைக்கு விற்றது என்று யாருக்கும் தெரியாது. நானும் அப்போது கேட்கவில்லை. ஆர்டர் கிடைத்ததே பெரிசு என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த ஆர்டர் வந்தால் முன்பணம் வாங்குவது, நூலும் ஆட்டோவும் ஏஜெண்ட் செலவு, கழித்த பையைத் திருப்பித் தர வேண்டும், ஒரு மாதிரிப் பை தைத்து நேரம் பார்த்த பிறகுதான் ரேட் பேசுவது என்று அன்றைக்கே தீர்மானம் எழுதினார்கள். தைக்கிற கூடத்தில் பின்கதவுக்கு முன்னால் அடுக்கியிருந்த உர மூட்டைகளை மறுநாள் எடுத்துவிட்டதாக ஊக்குநர் போனில் சொன்னாங்க.

வரும் மாதக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வாங்க. பொம்மை, பிள்ளையின் பனியன், சுற்றுலா போன இடத்தில் வாங்கிய சாவிக்கொத்து, எதுவானாலும் சரி. சீட்டைப் படிப்போம். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்லட்டும்.

அந்த அக்காவின் பையன் பொம்மையை விடாமல் கட்டிப் பிடித்துத்தான் தூங்குகிறானாம். சீட்டு கன்னத்தில் குத்துகிறது என்று அவன் சொன்னதால் அதை வெட்டி, குழு நோட்டின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருக்காங்க.